வெட்டாத படம்

முகத்துக்கு நேரே கஞ்சியக்கா என்பார்கள். முதுகுக்குப் பின்னால் வெறும் கஞ்சி. அவள் சலவைக்கடையில் கஞ்சி போட்டெடுத்த சட்டைக் காலர் மூன்று நாளானாலும் மடங்காது. அவள் கழுத்தும் அப்படித்தான் என்று ஊரில் பேச்சு. வயது ஐம்பத்து நாலு. ஆற்றங்கரைத் தெருவின் கடைசிக் கட்டடம் அவளுடையது. முன்னால் கடை, நடுவில் துணி வேகவைக்கும் கொதிதொட்டி, பின்னால் ஆற்றில் இறங்கும் படி. மாடியில் அவளும் அம்மாவும் இருந்தார்கள்.

அந்த ஆறுதான் எல்லை. அக்கரை வேறு நாடு. இந்த ஊர் நூறு வருஷத்துக்குள் நாலு தடவை கை மாறியிருந்தது. ஒவ்வொரு தடவையும் தெருப்பலகைகளைப் பிடுங்கினார்கள். நகராட்சிக் கட்டடத்து நெற்றியில் இருந்த சின்னத்தைக் கொத்தியெடுத்துவிட்டுப் புதுசைப் பதித்தார்கள். கொத்திக் கொத்தி அந்த இடம் அம்மை வார்த்த முகத்துக்குப் பவுடர் பூசியது போல ஆகிவிட்டது. கடைசியாக அக்கரைப் படை வந்து பதினோரு மாதம் இருந்தது. போகும்போது பாலத்தைத் தகர்த்துவிட்டுப் போனது. அது நடந்து ஐம்பத்தெட்டு வருஷம். புதுப் பாலத்தை ஏழு கிலோமீட்டர் மேலே தள்ளிக் கட்டினார்கள். ஊருக்குள்ளிருந்து நேராக அக்கரை போக வேண்டுமென்றால் கஞ்சியின் அண்ணன் ஓட்டும் படகுதான்.

இப்போது அக்கரையோடு பகை எதுவும் இல்லை. அங்கிருந்து சந்தைக்கு வருகிறார்கள், சுற்றிப் பார்க்க வருகிறார்கள். வருகிறவர்களுக்குக் காட்ட ஏதாவது வேண்டுமே என்று, பூட்டிக் கிடந்த சுங்கச்சாவடியை வெள்ளையடித்து நகராட்சி ஒரு அருங்காட்சியகம் அமைத்தது. அதன் குழுவுக்குத் தலைவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். கஞ்சிக்கு ஐந்தாம் வகுப்பில் பாடம் எடுத்தவர். அப்போது அவருக்கு மீசை அரும்பிய புதுசு.

திறப்பு விழாவுக்கு எட்டு நாள் இருக்கும்போது, சன்னல் திரைகளைத் துவைத்து இஸ்திரிப் பெட்டி போட்டு வண்டியில் தள்ளிக்கொண்டு அவள் அங்கே போனாள். மழைக்காலம் முடியாத நாட்கள். ஆற்றிலிருந்து எழும் மூட்டம் மதியம் வரை கலையாது. திரைகளைக் காயவைக்கவே மூன்று நாள் ஆகியிருந்தது. ஏணி போட்டு ஒவ்வொன்றாக மாட்டினாள். ஐந்தாவது சன்னலுக்குத் திரை மாட்டிவிட்டு ஏணியிலிருந்து இறங்கும்போது, எதிர்ச் சுவரில் அந்தப் படம் கண்ணில் பட்டது.

ஒரு கதவு அகலத்துக்குப் பெரிதாக்கிய கறுப்பு வெள்ளைப் படம். மார்பு வரை ஒரு இளம்பெண். தலையில் பாதி முடி இருந்தது, பாதி இல்லை. கன்னத்தில் ஏதோ வழிந்திருந்தது. படத்தின் வலது ஓரத்திலிருந்து யாருடைய கையோ நீண்டு, ஒரு பெரிய கத்திரிக்கோலைப் பிடித்திருந்தது. கைக்குச் சொந்தக்காரர் படத்தில் இல்லை. மணிக்கட்டோடு படம் முடிந்துவிட்டது.

கீழே அச்சிட்டிருந்தார்கள்: 'ஆக்கிரமிப்புக் காலம். எதிரிப் படைக்கு ஊழியம் செய்த சலவைக்காரிக்கு விடுதலை நாளில் மக்கள் வழங்கிய தண்டனை.'

கஞ்சி முதலில் அந்த முகத்தைத் தன் முகம் என்றே நினைத்தாள். அதே மூக்கு, அதே தாடை. பிறகுதான் அது அம்மா என்று புரிந்து, ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்தாள். மிச்சமிருந்த இரண்டு திரைகளை மாட்டாமல் வண்டியிலேயே போட்டுக்கொண்டு திரும்பினாள்.

அம்மா கீழே கடையில் மேசைமுன் நின்று தலையணை உறைகளை மடித்துக்கொண்டிருந்தாள். எண்பத்தொரு வயது. உட்கார்ந்து மடித்தால் ஓரம் சேராது என்பாள்.

"அம்மா, உனக்கு டைபாய்டு வந்து முடி கொட்டினதுன்னு சொன்னியே, அது எந்த வருஷம்?"

அம்மா கையிலிருந்த உறையை மடித்து முடித்தாள். "யாரு என்ன சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. சுங்கச்சாவடிச் சுவத்துல நீ தொங்கறே. ஆளுயரத்துக்கு."

கிழவி அடுத்த உறையை எடுத்தாள்.

"ஸ்டூடியோக்காரரு படப்பெட்டியத் தூக்கிட்டு வந்து நின்னாரு. பாத்தேன். அந்தப் படம் இன்னுமா இருக்கு?"

"அம்மா! நான் என்ன கேக்கறேன், நீ என்ன சொல்றே?"

"என்னத்தச் சொல்ல? உங்கப்பாவ நம்ம படையில சேத்துக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. உசுரோட இருக்காரா இல்லையான்னு தெரியாது. உங்கண்ணன் கைக்குழந்தை. எனக்குப் பால் வத்திப்போச்சு. அக்கரைப் படை பள்ளிக்கூடத்துல தங்கியிருந்துச்சு. துவைக்க ஆள் வேணும்னாங்க. போனேன். ஒரு மூட்டைச் சட்டைக்கு ஒரு கட்டி சோப்பு, ரெண்டு ரொட்டி. ரொட்டிய நனைச்சு உங்கண்ணனுக்கு ஊட்டினேன். மிச்ச சோப்ப வித்தேன். அவ்வளவுதான் என் ஊழியம்."

"அதுக்கா மொட்டையடிச்சாங்க?"

"அவங்க போன மறுநாள் காலையில சதுக்கத்துக்கு இழுத்துட்டு வந்தாங்க. யாராவது ஒருத்தர் வேணும்ல?"

"யாரு வெட்டினது?"

"தையற்காரரு."

ஊரில் தையற்காரர் என்றால் ஒருவர்தான். எண்பத்தெட்டு வயதில் நாலு வருஷமாகப் படுக்கையில் கிடப்பவர். தலைமையாசிரியரின் அப்பா. அவருடைய படுக்கை விரிப்பும் ரப்பர் துணியும் வாரம் இரண்டு தடவை இந்தக் கடைக்குத்தான் வருகின்றன. அவற்றை வேறு துணியோடு கலக்காமல், தனித் தொட்டியில் போட்டு, அம்மாதான் துவைப்பாள். எனக்கு மூக்கு செத்துப்போச்சு, உனக்கெதுக்கு நாத்தம் என்று சொல்லிப் பிடுங்கிக்கொள்வாள்.

"அவர் மூத்திரத் துணியவா நீ இவ்வளவு நாளா..."

"கடைக்கு வந்த துணி. துவைச்சேன். மத்தவங்க துணிய விட ஒரு தடவை கூடுதலா அலசினதும் இல்ல, ஒரு தடவை குறைச்சதும் இல்ல."

"உனக்குக் கோபமே வரலையாம்மா?"

அப்போதுதான் அம்மாவின் குரல் ஏறியது. "வராம? கத்திரியப் பிடிச்சிட்டு நிக்கறான், அவன் காதுல நான் சொன்னேன், 'நீ தைச்ச சட்டையத்தான்டா நான் துவைச்சேன்'னு. பதினோரு மாசமும் அதிகாரிங்களுக்குச் சட்டை தைச்சது யாரு? அவன்தான். பொத்தான் தைச்சான், பட்டை தைச்சான். உக்காந்த இடத்துல தைச்சான், யார் கண்ணுலயும் படல. நான் ஆத்துப்படியில நின்னு துவைச்சேன், ஊரே பாத்துச்சு. நான் சொன்னதும் அவன் கை நடுங்கிருச்சு. கத்திரி இங்க குத்தி ரத்தம் வந்துச்சு." காதுக்கு மேலே தொட்டுக் காட்டினாள். "ஊர் தன்னத் தேடி வர்றதுக்குள்ள கத்திரியத் தூக்கிட்டு முதல் ஆளா வந்து நின்னான்டி அவன்."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"திரும்பி வந்த அன்னைக்கே யாரோ சொல்லிட்டாங்க. ஒரு வருஷம் பேசல. அப்புறம் ஒருநாள் தானா பேசினாரு. அப்புறம் நீ பொறந்தே. போ, தொட்டியப் பாரு. சலவைச் சோடா பொங்குது."

மறுநாள் காலை கஞ்சி நகராட்சிக்குப் போனாள். குழுத் தலைவரான தலைமையாசிரியர் சார் பதறிப்போய் எழுந்தார். நல்ல மனிதர்தான். யாரிடமும் அதிர்ந்து பேசாதவர். நாற்காலி போட்டார், தேநீர் வரவழைத்தார்.

"அது உங்க அம்மான்னு எழுதலையேம்மா. பேர் போடல. யாருக்கும் அடையாளம் தெரியாது."

"எனக்குத் தெரிஞ்சுது சார்."

"வருத்தமா இருந்தா எடுத்திடறேன். இன்னைக்கே. அந்த இடத்துல பழைய பாலத்தோட படத்த மாட்டிடலாம்."

"எழுதியிருக்கீங்களே, மக்கள் வழங்கிய தண்டனைன்னு. மக்கள்னா யாரு சார்?"

"அந்தக் காலத்து உணர்ச்சி அப்படி. தனிப்பட்ட யாரையும் நாம குத்தம் சொல்லக் கூடாது."

"எங்கம்மா தனிப்பட்ட ஆள் இல்லையா? அவங்க முகம் கதவு சைசுக்கு இருக்கு. வெட்டினவர் மணிக்கட்டுதான் இருக்கு. அந்தக் கைக்கு மேல என்ன சார் இருந்துச்சு?"

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். "எங்கப்பா படுத்த படுக்கையா இருக்காரும்மா" என்றார்.

"தெரியும் சார். அவர் விரிப்ப எங்கம்மாதான் துவைக்கறாங்க."

மதியத்துக்குள் படத்தை எடுத்துவிட்டார்கள். சொன்னது போலவே பாலத்தை மாட்டினார்கள். கஞ்சி போய்ப் பார்த்தாள். அவளுக்கு ஆத்திரம் தீரவில்லை, ஏறியது. மொட்டையடித்தது ஒரு நாள், அதைச் சுவரில் மாட்டியது இன்னொரு நாள், இப்போது அப்படியொன்று நடக்கவே இல்லை என்று துடைத்தது மூன்றாவது நாள். மூன்றையும் செய்தது அவர்கள் கைதான். அம்மாவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்த முறையாவது தான் கேட்டோமா என்று நினைத்தபோது அவளுக்குச் சுருக்கென்றது.

வீட்டுக்கு வந்து கேட்டாள். அம்மா உருளைக்கிழங்கு தோல் உரித்துக்கொண்டிருந்தாள்.

"எடுக்கச் சொல்லி நான் கேட்டேனா? எனக்கென்ன, நான் திருடினேனா?" என்றாள். "மாட்டறதுன்னா முழுசா மாட்டச் சொல்லு. அன்னைக்கு அங்க இருந்தது நான் மட்டும் இல்ல. சதுக்கம் கொள்ளாத கூட்டம்."

ஸ்டூடியோவை இப்போது நடத்துவது அந்தப் படம் பிடித்தவரின் மகள். கல்யாணப் படமும் அடையாள அட்டைப் படமும் எடுத்துப் பிழைக்கிற, அறுபது தாண்டிய மனுஷி. கஞ்சி கேட்டதும் கடைக் கதவைச் சாத்திவிட்டு உள்ளே போய், ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்தாள். அதிலிருந்து கண்ணாடித் தகடு ஒன்றை எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்தாள்.

"சார் வந்து வாங்கும்போதே முழுசாத்தான் பிரிண்ட் போட்டுக் குடுத்தேன். அவர்தான் பென்சிலால கோடு போட்டுக் காட்டினாரு, இவ்வளவு போதும்னு. சொல்லியிருக்கணும் நான். வாய் வரல. இதுல என் சித்தப்பாவும் சிரிச்சுட்டு நிக்கறாரு."

முழுப் படத்தை அன்று மாலையே போட்டுக் கொடுத்தாள். கஞ்சி அதைக் கடை மேசையில் விரித்துப் போட்டு, நாலு மூலையிலும் இஸ்திரிப் பெட்டிகளை வைத்து அழுத்தினாள். கத்திரிக்கோலுக்கு மேலே கை, கைக்கு மேலே தோள், கழுத்தில் அளவு நாடா, முப்பது வயதுத் தையற்காரர். பின்னால் ரொட்டிக்கடைக்காரர், தபால்காரர், வாயைக் கையால் மூடிச் சிரிக்கும் இரண்டு பெண்கள், தகப்பன் தோளில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும் பிள்ளைகள். ரொட்டிக்கடைக்காரரும் அந்தப் பதினோரு மாதம் அடுப்பை அணைக்கவில்லை. அம்மா வாங்கி வந்த ரொட்டி அவர் சுட்டதுதான்.

படத்தின் அடிப்பக்கம் தரையில் ஒரு துணிக்கூடை. கூடைக்குள் ஒரு குழந்தை. அழுது வாய் பிளந்து, ஒரு கை கூடை விளிம்பைப் பிடித்திருந்தது. அம்மாவின் கை அந்தப் பக்கம் நீண்டிருந்தது. எட்டவிடாமல் யாரோ முழங்கையைப் பிடித்திருந்தார்கள்.

அந்த நேரத்தில்தான் அண்ணன் உள்ளே வந்தான். வெளுத்துப்போன படகுத் தொப்பி, டீசல் வாசனை. வரும்போதே சத்தம்.

"உனக்கு வேற வேலை இல்லையா? சார் என்னக் கூப்பிட்டுச் சொல்றாரு, உன் தங்கச்சிய அடக்கிவைன்னு. திறப்பு விழாவுக்கு அக்கரை நகராட்சிக்காரங்கள நம்ம படகுலதான் கூட்டிட்டு வரணும்னு ஏற்பாடு. அடுத்த மாசம் லைசென்ஸ் புதுப்பிக்கணும், கையெழுத்து நகராட்சி கையிலதான இருக்கு? எடுத்தாச்சில்ல படத்த? விடு!"

"நீயும் அதையே சொல்லு. எல்லாரும் விடுங்க. அவங்கம்மாவா இருந்தா விடுவாங்களா?"

"செத்துப்போன கதைய எதுக்குத் தோண்டறே? எனக்குத் தெரியாத கதையா? படகுத்துறையில குடிச்சிட்டு எத்தனை பேர் என்னப் பாத்து ஜாடை பேசியிருக்கான். காதுல விழாத மாதிரி எத்தனை வருஷம் துடுப்பு போட்டேன், தெரியுமா உனக்கு? நான் விட்டுட்டேன். நீயும் விடு."

கஞ்சி இதை எதிர்பார்க்கவில்லை. வீட்டில் தனக்கு மட்டும்தான் தெரியாமல் இருந்திருக்கிறது. அவள் மேசையைக் காட்டினாள்.

அவன் அலட்சியமாகக் குனிந்தான். தையற்காரரைப் பார்த்தான்; அது அவனுக்குப் புதுசில்லை. கூட்டத்தைப் பார்த்தான். பார்வை இறங்கிக் கூடைக்கு வந்தது.

"இது யாரு?"

"வேற யாரு? நீதான்டா" என்றாள் அம்மா, மாடிப்படியிலிருந்து. "உன்ன யார்கிட்ட விட்டுட்டுப் போவேன்? தொட்டியோரம் கூடையில படுத்திருந்தே. கூடையோட தூக்கிட்டு வந்தாங்க. தொண்டை கட்டிப்போய் மூணு நாள் உனக்குச் சத்தமே வரல."

அண்ணன் தொப்பியைக் கழற்றினான். ஐம்பத்தொன்பது வயது மனிதன், பெரிய உடம்பு, காய்ப்புக் காய்த்த கை. ஒரு விரலை அந்தக் கூடைமேல் வைத்தான். "என்னையும் வெட்டித்தான் மாட்டியிருக்காங்க" என்றான். அவ்வளவுதான். தேநீர் கொடுத்தாள், குடிக்கவில்லை. படத்தைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றுவிட்டுப் போனான்.

மறுநாள் கஞ்சி அந்தப் படத்தைக் கடையின் கண்ணாடிச் சன்னலில் ஒட்டினாள், தெருவைப் பார்க்க. ஊர் கொதித்தது. மருத்துவமனையிலிருந்து மட்டும் வழக்கம்போலத் துணி வந்தது. மூன்று விடுதிகளில் இரண்டு நிறுத்திக்கொண்டன. ரொட்டிக்கடைக்காரரின் மருமகள் வாசலில் நின்று சத்தம் போட்டாள். "செத்தவங்கள இழுக்கறியே, நீ உருப்படுவியா?"

"சாகாதவங்கள நீங்க இழுத்தீங்களே" என்றாள் கஞ்சி, பெட்டியைத் துணியிலிருந்து எடுக்காமலே.

தெருவில் போகிறவர்கள் கடைக்கு முன்னால் வந்ததும் நடையை மெதுவாக்கி, ஓரக்கண்ணால் தங்கள் வீட்டு முகம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனார்கள். தையற்காரர் வீட்டு விரிப்புகள் வந்தபடிதான் இருந்தன. வேலைக்காரப் பெண் தலையைக் குனிந்துகொண்டு மூட்டையை வைத்துவிட்டு ஓடிவிடுவாள். அம்மா துவைத்தாள்.

திறப்பு விழா அன்று அதிசயமாக மூட்டம் விலகி, காலையிலேயே வெயில் அடித்தது. பத்து மணிக்கு அக்கரை விருந்தாளிகள் அந்தப் பக்கத்துப் படியில் வந்து நின்றார்கள். மாலையும் கையுமாக இந்தப் பக்கம் ஊர் நின்றது. படகு மட்டும் சலவைக்கடைப் படியில் கட்டிக் கிடந்தது. அண்ணன் படகு முனையான அணியத்தில் உட்கார்ந்து, கயிற்றைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தான்.

தலைவர் சார் புதுக் கோட்டில் வியர்க்க வியர்க்க ஓடி வந்தார். பின்னாலேயே பத்திருபது பேர்.

"என்னப்பா இது? எவ்வளவு நேரம் அவங்களக் காக்கவைக்கறது? எடு படக!"

"முழுப் படம் சுங்கச்சாவடிச் சுவத்துக்குப் போனா படகு வரும் சார்."

"லைசென்ஸ நினைச்சுப் பேசு."

"நினைச்சுத்தான் பேசறேன். கூடையிலேர்ந்து எந்திரிச்சு வந்தவன் சார் நான். நீந்தத் தெரியும்."

சார் கடைக்குள் வந்தார். அம்மா மேசை முன்னால் நின்றிருந்தாள். கஞ்சி வாயைத் திறக்கப்போனாள். அம்மா கை காட்டி நிறுத்தினாள்.

"அம்மா, எங்கப்பா சாகக் கிடக்கறாரு" என்றார் சார். "இருக்கிற வரைக்குமாவது..."

"தெரியும் தம்பி. விரிப்பப் பாத்தாலே தெரியுது. அதிக நாள் இல்ல. நான் மட்டும் என்ன, எண்பத்தொண்ணு." அவள் மடித்த சட்டைக்குள் வைக்கும் அட்டை ஒன்றை எடுத்து, வெள்ளைப் பக்கத்தைத் திருப்பி மேசையில் வைத்தாள். "உங்க எழுத்து முத்து முத்தா இருக்கும்னு என் மக சொல்லுவா. நான் சொல்றத எழுதுங்க. படத்துக்குக் கீழ அதான் இருக்கணும்."

சார் வெளியே பார்த்தார். அக்கரையில் வெள்ளைச் சட்டைகள் வெயிலில் நின்றன. அவர் பேனாவை எடுத்தார்.

"இது நான். எனக்கு அப்ப இருபத்து மூணு வயசு. அக்கரைப் படையோட சட்டையத் துவைச்சேன். கூலி, சோப்பும் ரொட்டியும்."

அவர் எழுதுவதைக் கஞ்சி எட்டிப் பார்த்தாள். "ஊதியமாகப் பெற்றார்னு எழுதறார்மா."

"உங்க புத்தகப் பேச்சு வேணாம் தம்பி. என் வாய்ல வர்ற மாதிரியே எழுதுங்க."

அவர் அடித்துவிட்டு எழுதினார்.

"கூடையில இருக்கிறது என் மகன். ரொட்டி அவனுக்கு. கத்திரி வச்சிருக்கிறது..." அம்மா நிறுத்தினாள்.

சாரின் பேனா அட்டையில் ஒரு புள்ளியாக நின்றது. மை ஊறிப் புள்ளி பெரிதானது. "அப்பா பேர எழுதவா?" என்று கேட்டார், யாரையும் பார்க்காமல்.

"எதுக்கு? என் பேர எழுதினீங்களா நீங்க? சலவைக்காரின்னுதான எழுதினீங்க. தையற்காரருன்னு எழுதுங்க. போதும். அந்தச் சட்டையெல்லாம் தைச்சது அவர்தான். அதையும் எழுதுங்க. சிரிக்கிறவங்க எல்லாரும் இந்த ஊர்க்காரங்க. அவ்வளவுதான்."

எழுதி முடித்து நிமிர்ந்தபோது அவர் கண் சிவந்திருந்தது. கஞ்சிக்கு இரக்கம் வந்தது. வந்த வேகத்திலேயே, படத்தில் பென்சிலால் கோடு போட்ட கை இந்தக் கைதான் என்பதும் நினைவு வந்தது. அவள் சன்னலுக்குப் போய்ப் படத்தை மூலை கிழியாமல் உரித்தெடுத்தாள்.

"இப்ப படிங்க" என்றாள் அம்மா. "எனக்குப் படிக்கத் தெரியாது. நீங்க எழுதினது நான் சொன்னதுதானான்னு கேக்கணும்."

வாசலில் கூட்டம் நெருக்கிக்கொண்டு நின்றது. மாலை வைத்திருந்தவர்களும் வந்துவிட்டார்கள். சார் அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு படித்தார். கூடை வரைக்கும் சரியாகப் படித்தார். கத்திரி வந்த இடத்தில் குரல் தொண்டைக்குள் இறங்கிவிட்டது.

"கேக்கல தம்பி. காது மந்தம். முதல்லேர்ந்து படிங்க. பள்ளிக்கூடத்துல படிப்பீங்களே, அந்த மாதிரி."

சார் தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார். இந்தத் தடவை தெருவுக்குக் கேட்டது. "இது நான். எனக்கு அப்ப இருபத்து மூணு வயசு..."

நகராட்சி ஊழியர் ஒருவர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே வந்தார். "கஞ்சியக்கா, படக எடுக்கச் சொல்லுங்க. அங்க விருந்தாளிங்க முக்கால் மணி நேரமா வெயில்ல நிக்கறாங்க."

"நிக்கட்டும்" என்றாள் கஞ்சி. "சார் இன்னும் முடிக்கல."